அண்ணர் மிச்சம் வைக்காத இலை

இறுப்பிட்டியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாக அண்ணர் பிறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். வீட்டுப் பொறுப்பு முழுவதையும் அதற்குள் அவர் எடுத்துவிட்டதால் எனக்குப் பகிடியும் சிரிப்பும் மட்டுமே மிஞ்சின. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. ஆனால் அவருடைய கடைசி நடையில் கூடவே நடந்தவன் நான்.

எங்களைப் பெற்ற ஐயா காலமானபோது அண்ணருக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டுத் தென்னிலங்கைக்குப் போய் ஒரு கடையில் மூட்டை சுமந்தார். பின் அதே தெருவில் தாமும் ஒரு கடை வைத்தார். கலவரத்தில் அது எரிந்தது. உடுத்த வேட்டியோடு ஊருக்கு வந்தவர், ஒருவரையும் திட்டாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார். என்னைப் படிப்பித்து வாத்தியாராக்கியது அந்தத் தோட்டந்தான். அந்த ஒரு குற்றத்துக்காக என்னிடம் படித்த பிள்ளைகள் அவரை மன்னிக்கவேண்டும்.

நாற்பத்தைந்து வயதில் அவருக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு, கண்டது. குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் அவர் சாப்பாடாயின. பங்கீட்டுக் கூப்பனுக்குச் சீனி அளந்து கொடுத்த காலம் அது; அவர் பங்குச் சீனி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒருவருடைய நோய் வருத்தத்தால் இன்னொருவர் இனிக்க இனிக்கத் தேநீர் குடித்தது எங்கள் குடும்பத்தில்தான்.

மாதம் ஒருமுறை யாழ்ப்பாணத்து டொக்டரிடம் அவரை நான்தான் கூட்டிப்போவேன். டொக்டர் எங்கள் இருவருக்கும் சேர்த்தே சொன்னார்:

"கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுங்கோ. ஒவ்வொரு நாளும் நடவுங்கோ. ஆனால் வயிறு முட்டச் சாப்பிட்ட கையோட நடக்கக்கூடாது. வயிறும் இரத்தம் கேக்கும், காலும் கேக்கும். உங்கடை இதயத்துக்கு ரெண்டையும் ஒருமிக்கச் சமாளிக்க ஏலாது. சலரோகக்காரருக்கு நெஞ்சு நோகாமலே மாரடைப்பு வரும். மூச்சு வாங்கி வேர்த்தால், நெஞ்சு நோகுது எண்டே நினையுங்கோ."

"ஓம், ஓம்" என்று அண்ணர் தலையாட்டினார். திரும்பி வருகையில் பஸ்ஸில் நான் டொக்டரைப் போலப் பேசிக் காட்டினேன். அண்ணர் கண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு முடிந்தபோது எனக்கு நினைவில் நின்றது "நடவுங்கோ" மட்டும்தான்.

எங்கள் புது வீட்டுக் குடிபூரலன்று முதல் இலை அண்ணருக்குப் போட்டோம். பாதியில் கையை மடக்கினார்.

"போதுமடா. டொக்டர் ஏசுவார்."

"மூத்தவர் முதல் இலையிலை மிச்சம் விட்டால் வீட்டுக்குக் கூடாதாம் அண்ணை."

அப்படி ஒரு சாத்திரம் இல்லை. அந்த இடத்திலேயே நான் உண்டாக்கியது. பந்தியில் இருந்தவர்கள் இன்றுதான் இதை அறிகிறார்கள்.

"தம்பி, அவரை நெருக்காதையும்" என்று அண்ணரின் மனைவி, எங்கள் மச்சாள், அடுப்படி வாசலில் நின்று சொன்னார்.

"நீங்கள் சும்மா இருங்கோ மச்சாள். சாப்பிட்ட கையோட கடற்கரை வரைக்கும் நடத்திக்கொண்டு வாறன். ஒரு சீனியும் உடம்பிலை நில்லாது."

என் வீட்டுக்கு ஒரு குறை வரக்கூடாதென்று, இரண்டாம் முறை விட்ட பாயாசத்தையும் அண்ணர் வழித்துச் சாப்பிட்டார்.

மத்தியான வெயிலில் நடந்தோம். பாதி வழியில் ஒரு மதகில் அவர் குந்திவிட்டார். சட்டை வேர்வையில் தோய்ந்திருந்தது.

"என்ன அண்ணை, நெஞ்சு நோகுதோ?"

"நோவு ஒண்டுமில்லை. மூச்சுத்தான் வாங்குது."

"பாயாசத்துக்கு நடந்து பழக்கமில்லை. அதுதான் உங்களைப் பிடிச்சு இழுக்குது."

சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார். இருபது அடி நடந்திருப்பார், விழுந்துவிட்டார்.

ஆசுபத்திரியில் பதினொரு நாள் இருந்தார். இதயத்தின் பெரும்பகுதி செத்துவிட்டது என்றார்கள். நாலு கரண்டி கஞ்சி குடித்தாலே மூச்சு வாங்கியது. ஒருநாள் பின்னேரம் என் கையைப் பிடித்து, "வீட்டுக்கு ஒரு குறையும் இல்லைத்தானே?" என்று கேட்டார். அது நான் கட்டிய கதை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லை அண்ணை" என்றேன்.

மறுநாள் விடியற்புறம் போய்விட்டார்.

வெயிலில் அவரைக் கதிரையோடு தூக்கி ஓடிய அயலவர்களுக்கும், பந்தியை விட்டெழுந்து கை கழுவாமல் கார் எடுத்தவருக்கும், டொக்டருக்கும், தாதிமாருக்கும், செத்தவீட்டில் தோள் கொடுத்தவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். மச்சாள் இன்றுவரை என்னை ஒரு சொல் ஏசவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் போய் முப்பத்தோராம் நாளான இன்றைய பந்தியில் நான் ஒருவரையும் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கமாட்டேன். குறை நினைக்கவேண்டாம். இலையில் மிச்சம் வைத்துவிட்டு எழும்புங்கள்.

படையலில் அண்ணருக்குப் பிடித்ததெல்லாம் வைக்கவேண்டும். "பாயாசம் வைப்பமோ, தம்பி?" என்று மச்சாள் கேட்டார். இதை அச்சகத்துக்குக் கொடுக்கும்வரை நான் பதில் சொல்லவில்லை.