அப்பா ஏற மறுத்த பரண்

எங்கள் அப்பா எம்மைப் பிரிந்து இன்றுடன் முப்பத்தொரு நாட்கள் ஆகின்றன. அந்தியேட்டிக் கிரியைகளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவுகளும் நண்பர்களும், அப்பாவின் நற்குணங்களை மகள் நாலு பக்கத்தில் எழுதியிருப்பாள் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் செத்தவீட்டுக்கு வந்த பலர் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "அந்த வயதிலை மனுசன் ஏன் ஏணி ஏறினவர்?" அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லப் பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இன்னும் பயம்.

அப்பா வடமராட்சியில் ஒரு சைவ ஆசிரியரின் கடைசி மகனாகப் பிறந்தார். இருபத்திரண்டு வயதில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்து, சோலோதுர்ன் நகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கினார். பிறகு அதே சமையலறையில் முப்பது வருடங்கள் சமையல்காரராக நின்றார். அம்மாவை இங்கே அழைத்துத் திருமணம் செய்தார். எனக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தருவதற்காகவே ஜெர்மன் இலக்கணம் படித்தார். கடன் கேட்டு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. கோபம் வந்தால் கதைக்கமாட்டார், வெங்காயம் வெட்டுவார்.

ஒவ்வோர் இலையுதிர்காலமும் வேட்டைக்காரர்கள் சுட்ட மான்களை அந்தச் சமையலறையின் பின்வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். அவர்களில் ஒருவர் வெர்னர். அவர்தான் அப்பாவை முதன்முதலில் காட்டுக்குக் கூட்டிப்போனவர். அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. இரண்டு வருடம் படித்து, ஒரு தடவை மரங்களின் ஜெர்மன் பெயர்களில் கோட்டை விட்டு, மறுதடவை வேட்டைப் பரீட்சையில் தேறினார். பேர்ண் நகரத்துக் கோயிலில் ஆட்கள் பகிடி பண்ணினார்கள். "முருகன் பொம்பிளை எடுத்த குலத்திலை நானும் சேர்ந்திட்டன்" என்று அப்பா சிரித்துச் சமாளித்தார். அம்மா சிரிக்கவில்லை. வேட்டை இறைச்சி தன் குசினிக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே அப்பா பல்கனியில் தனி அடுப்பு வைத்துச் சமைத்தார்.

இங்கே மான் சுடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காட்டோரத்தில் மரத்தால் கட்டிய உயரமான பரணில் ஏறிக் காத்திருப்பது. மேலிருந்து நாலா பக்கமும் தெரியும், குறி தவறினாலும் தோட்டா மண்ணுக்குள் போய்விடும். மற்றது, காற்றுக்கு எதிராக அடி அடியாகப் பதுங்கி நடந்து மானைத் தேடிப் போவது. அதில் துவக்கு நிலத்துக்குச் சமாந்தரமாக நீளும். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பல நேரங்களில் பற்றைக்குள் மறைந்திருக்கும். வெர்னரும் மற்றவர்களும் பரணில்தான் இருப்பார்கள். அப்பா ஒருவர்தான் நடந்து போவார்.

"நடந்து போனா மானும் நானும் ஒரே நிலத்திலை நிக்கிறம்" என்பார் அப்பா. "அதுக்கு என்னை மணக்கும், காலடி கேக்கும். தப்ப வழி இருக்கு. மேலை ஒளிச்சிருந்து சுடுறது எனக்குச் சரிவராது."

இது அவர் வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணத்தை எனக்கு ஒரேயொரு தடவை சொன்னார். ஊரில் அவர் ரியூசனுக்குப் போகும் வழியில் ஓர் இராணுவ முகாம் இருந்தது. அதன் வாசலில் மண்மூட்டை அடுக்கிய உயரமான சென்றி, துவக்கோடு ஆள் நிற்கும் காவல் மேடை. அதன் கீழே எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். ஒருநாள் அப்பாவின் கூட்டாளி ஒருவர் இறங்கச் சற்றுப் பிந்திவிட்டார். மேலேயிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. "மேலை இருந்தவன்ரை முகம் கடைசிவரை எனக்குத் தெரியேல்லை பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அப்பா வேட்டைக்குப் போகும் காலைகளில் நான் யன்னலடியிலேயே நிற்பேன். பச்சை உடுப்பில், துவக்கோடு, காட்டுக்குள் பதுங்கி நடக்கும் ஒரு கறுத்த மனிதனைக் கண்டு யாராவது பயந்தால் என்ன நடக்கும்? யாரையாவது அவர் சுட்டுவிட்டால் என்ன நடக்கும்? அவருடைய கார் முற்றத்துக்கு வந்து நிற்கும்வரை நான் தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடித்ததில்லை.

நாலு வருடங்களுக்கு முந்தைய ஓர் ஒக்டோபர் காலை அது. அப்பப்பாவின் திவசம் அடுத்த நாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். குசினியில் தொங்கியது ஊரிலிருந்து வந்த கலண்டர். அதிலுள்ள திதி ஊர் நேரத்துக்குக் கணித்தது. இங்கத்தைய நேரத்துக்குக் கோயில் தந்த தாளை அம்மா அன்று விடியத்தான் எடுத்துப் பார்த்தார். திதி அன்றைக்கே வந்துவிட்டது. அப்பாவோ துவக்கோடு போய் அரைமணி நேரமாகியிருந்தது.

"தேப்பன்ரை திவசத்திலை மனுசன் உயிர்க்கொலை செய்யப்போகுது" என்று அம்மா பதறினார். "கொப்பர் போனை எடுக்கிறார் இல்லை. ஓடிப்போய் மறிச்சுக்கொண்டு வா, பிள்ளை."

அப்பா எப்போதும் தான் போகும் பாதையை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போவார். அதைப் பார்த்துக்கொண்டு போனேன். அவசரத்தில் போட்டது என் மண்ணிறக் கோட்டு. பனிப்புகார் முழங்காலளவு கிடந்தது. சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம். காட்டுக்குள் கத்தினால் மற்ற வேட்டைக்காரர்கள் அப்பாவைக் குறை சொல்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டு பற்றைகளை விலக்கி நடந்தேன். 

திடீரென்று என் சட்டைப்பையில் போன் அலறியது. அம்மா, "கண்டனியோ?" என்று கேட்க எடுத்திருக்கிறார். எனக்கு முன்னால், பத்தடி தூரம் இருக்காது, பற்றைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மான் துள்ளிப் பாய்ந்து மறைந்தது. அது நின்ற இடத்துக்கு நேர் எதிரே, ஒரு மரத்தடியில், துவக்கைத் தோளில் வைத்தபடி அப்பா முழங்காலில் இருந்தார்.

அவர் துவக்கை இறக்கித் தோட்டாவைக் கழற்றினார். கழற்ற நெடுநேரம் எடுத்தது. பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"விசையிலை விரல் வைச்சிட்டன்" என்றார். "விரல் வைச்சிட்டன், பிள்ளை. போன் அடிச்சிராட்டி…"

வீட்டில் அம்மாவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா தலைமுழுகிவிட்டு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அம்மா, இன்றைக்கு இதை வாசித்துத்தான் நீங்கள் இதை அறிகிறீர்கள். என்னை அனுப்பியதும் நீங்கள், காப்பாற்றியதும் நீங்கள்.

ஒரு கிழமை கழித்து அப்பாவிடம் நான் ஒரு சத்தியம் கேட்டேன். "வேட்டையை விடுங்கோ எண்டு சொல்லேல்லை. இனி நடந்து போகாதேங்கோ. போறதெண்டால் பரணிலை ஏறுங்கோ."

அவர் வெங்காயம் வெட்டத் தொடங்கினார். கடைசியில், "ஓம்" என்றார். முதல்தடவை ஏறும்போது கீழே நான் நின்றேன். மூன்றாம் படியில் அவருடைய சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது. அவ்வளவு குளிரில் அவ்வளவு வியர்வையை நான் கண்டதில்லை. "காணும் அப்பா, இறங்குங்கோ" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. என் பயத்தைத் தீர்ப்பதற்காக அவரை அவருடைய பயத்துக்குள் ஏற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி. காலையில் தேத்தண்ணி ஆறமுன் குடித்தேன். வழமைபோல இறைச்சி வந்தது. பல்கனியில் அடுப்பு எரிந்தது. கடந்த மாதம் ஒரு காலையில் ஏணிப்படியில் உறைபனி பிடித்திருந்தது. இறங்கும்போது கால் வழுக்கி அப்பா கீழே விழுந்தார்.

பேர்ணில் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். இரண்டாம் நாள் நினைவு தெளிந்தபோது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "நான்தானே அப்பா உங்களை ஏத்தினனான்?"

அவர் என்னையே பார்த்தார். "மேலை இருந்தா நீ வாறது தெரியும்" என்றார். மருந்து மயக்கத்தில் கதைக்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் எங்களுடன் கதைக்கவில்லை.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்த பிறகு வெர்னர் அப்பாவின் தோள்பையைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே ஒரு தோட்டாப் பெட்டி இருந்தது. அதன் ஒட்டுத்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. வெர்னர் ஜெர்மனில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"நாலு வருடமாக இதே பெட்டிதான். பரணிலிருந்து உங்கள் அப்பா ஒரு தடவையும் சுடவில்லை. இறைச்சி நான் கொடுத்தது. அவர் தூரக்கண்ணாடியோடு மேலே இருப்பார். யாராவது பாதையில் வந்தால் எங்களுக்குப் போனில் சொல்வார். நாயோடு ஒரு பெண் வருகிறாள், காளான் பொறுக்க ஒரு கிழவர் போகிறார், பொறுங்கள் என்பார். அவர் சொல்லும்வரை நாங்கள் துவக்கில் கை வைப்பதில்லை."

ஏன் அப்படிச் செய்தார் என்று வெர்னர் கேட்டதில்லையாம். நான் விளங்கப்படுத்தவில்லை. அழுது முடிக்கவே நேரம் போய்விட்டது.

அப்பாவைக் கண்டெடுத்து, உதவி வரும்வரை தன் கோட்டால் போர்த்தி அருகில் இருந்த வெர்னருக்கும், ஹெலிகொப்டரில் வந்தவர்களுக்கும், நாலு இரவும் அவருடைய தலையணையைத் திருப்பித் திருப்பி வைத்த தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், எங்கள் குசினியில் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தூர நகரங்களிலிருந்து வேலைக்கு லீவு போட்டு வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மனுசன் ஏன் ஏணி ஏறினவர் என்று கேட்டவர்களுக்கும்தான். கேட்டிராவிட்டால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

முந்தநாள் அந்தக் காட்டுப் பாதைக்குத் தனியே போனேன். அதே மண்ணிறக் கோட்டுத்தான் போட்டிருந்தேன். பரணில் ஒருவரும் இல்லை. பாதி வழியில் நின்றுவிட்டேன். இந்த நாலு வருடமும் நான் பயமில்லாமல் இருந்ததற்குக் காரணம் பரணோ, மண்ணுக்குள் போகும் தோட்டாவோ இல்லை. மேலே அப்பா இருந்தார். இப்போது நான் வருவது ஒருவருக்கும் தெரியாது.