"இடுப்பு வலி சகஜம்மா!"

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்கிறோம். அறுவடையின்போது களத்தில் திடீர் மழை. நனைந்த நெல் மூட்டையைத் தூக்கினேன். இடுப்பில் சுரீரென்று பிடித்து, வலி கால்வரை இறங்கியது.

உள்ளூர் டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பளைங்களுக்கு இடுப்பு வலி சகஜம்மா" என்று மாத்திரை எழுதினார்.

சில நாளில் உட்காரும் இடம் மரத்துப்போனது, சிறுநீரும் வரவில்லை. மறுபடி போனால், "தண்ணி நிறைய குடிங்க" என்றார். கூட வந்த என் நாத்தனார் கொதித்துப்போனாள். "இவரு பேச்சைக் கேட்டது போதும் அண்ணி, கிளம்புங்க!" என்று தஞ்சாவூருக்குக் காரில் அழைத்துப் போனாள்.

அங்கே ஸ்கேன் எடுத்த டாக்டர் பதறினார். "முதுகெலும்பு டிஸ்க் கிழிஞ்சு, உள்ள இருக்கறது பிதுங்கி நரம்பை நசுக்குதும்மா. நிறைய பேருக்கு இந்தக் கிழிசல் ஆபரேஷன் இல்லாமலே ஆறிடும். ஆனா சிறுநீர் நின்னா உடனே ஓடி வரணும்."

அன்றே ஆபரேஷன். சிறுநீர்ச் சிக்கல் தீர்ந்தது; இடது பாதம் இன்னும் இழுக்கிறது.

உள்ளூர் டாக்டரிடமே போய், ஏன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று கேட்டேன். "எல்லாருக்குமா இப்படி ஆகுது?" என்றார். எனக்கு ஆனதே!

இப்போது எங்கள் வயலில் நடவு நடும் பெண்களில் யார் இடுப்பு வலி என்றாலும் கூடவே போகிறேன். டாக்டர் முகம் சுளித்தாலும் சரி, தொட்டுப் பரிசோதிக்கும்வரை நாற்காலியை விட்டு நான் எழுவதில்லை.