நாலேகால் பஸ் ட்யூட்டர்

பி.ஏ. ஆனர்ஸ் முடித்த ஜெகந்நாதன் 1961 ஜூன் மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் ட்யூட்டராகச் சேர்ந்தான். உத்திரமேரூரில் இருந்த அவன் அம்மா வேதாவுக்கு அந்தப் பதவி பிடிபடவில்லை.

"அப்படின்னா என்னடா வேலை?"

"பி.யூ.சி.ல தோத்துப் போறவாளைப் பாஸ் பண்ண வைக்கணும்."

"அதை வாத்தியார்னா பண்ணணும்?"

"அவர் பாடம் நடத்துவார்மா."

பெண் வீட்டார் விசாரித்தால் அம்மா "காலேஜ்ல இருக்கான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

கல்லூரியிலும் நிலைமை ஏறக்குறைய அதேதான். ஆசிரியர் அறையில் அவனுக்கு நாற்காலி இல்லை. நூலகத்தின் பின்கதவு ஓரமாக ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். காப்பித் தட்டோடு வரும் பியூன் அவனைச் சுற்றிக்கொண்டு போனார். மாணவர்கள் 'அரை சார்' என்று பேர் வைத்தார்கள். யோசித்துப் பார்த்தபோது அவனுக்கே அது பொருத்தமாகத்தான் பட்டது.

கிராமத்துப் பையன்கள் எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழில் படித்தவர்கள். கல்லூரியின் முதல் வருஷமான பி.யூ.சி.யில் எல்லாமே இங்கிலீஷ். பள்ளியில் முதல் மார்க் வாங்கியவர்கள்கூட இங்கே ஊர்பேர் தெரியாத கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முதல் பரீட்சையில் உத்திரமேரூர்ப் பக்கத்துப் பையன்கள் அநேகமாக எல்லோரும் தோற்றார்கள். தினமும் நாலரை மணிக்கு அவர்களுக்குத் தனி வகுப்பு எடுக்கும்படி பிரின்சிபால் உத்தரவு போட்டார். ஒருவரும் வரவில்லை.

"ஏன் வரலை?" என்று ஜெகந்நாதனிடம் கேட்டார் பிரின்சிபால்.

"நாலேகாலுக்கு பஸ் சார். அதை விட்டா ராத்திரிதான்."

பிரின்சிபால் சற்று யோசித்து, "அக்கறை இல்லாத பசங்க" என்றார்.

ஜெகந்நாதனுக்கும் ஊருக்குப் போக அதே பஸ்தான். மறுநாள் அதன் கடைசி இருக்கையில் வகுப்பு ஆரம்பமானது. பேராசிரியர் காலையில் இங்கிலீஷில் நடத்தியதை இவன் சாயங்காலம் தமிழில் சொல்வான். பிறகு அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாக்கிச் சொல்ல வைப்பான். இஞ்சின் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் படிக்க வேண்டியிருந்தது. கூடையோடு ஏறிய ஒரு அம்மாள், "இன்னாடா இது, சாவு வூடா?" என்று கேட்டாள். கண்டக்டர் சுப்பிரமணி மட்டும், "படிக்கிறது படிங்க, வழிய வுட்டுட்டு குந்துங்க" என்று அனுமதி கொடுத்தார்.

ஐப்பசி மழை தொடங்கியபோது சாலவாக்கத்துச் செங்கேணி வரவில்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன், ரோஷக்காரனும்கூட. சரித்திர விரிவுரையாளர் வீரராகவன் ஒருநாள் அவனுடைய ஊர் எது என்று இங்கிலீஷில் கேட்க, இவன் எழுந்து நின்று "எஸ் சார்" என்றிருக்கிறான். அன்றிலிருந்து வகுப்பில் அவன் பேரே 'எஸ் சார்' ஆகிவிட்டது.

ஒரு வாரம் பார்த்துவிட்டு ஜெகந்நாதன் சாலவாக்கம் போனான். கழனியில் அப்பா இருசப்பனும் செங்கேணியும் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார்" என்று வரப்பேறி வந்தார் இருசப்பன். "ஏரி ஒடைஞ்சி காலேஜுக்குள்ள தண்ணி பூந்துகிச்சாமே? புள்ள சொன்னான்."

ஜெகந்நாதன் செங்கேணியைப் பார்த்தான். செங்கேணி நிமிரவில்லை. கையிலிருந்த கோரையை ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம். நேத்துதான் வடிஞ்சுது" என்றான் ஜெகந்நாதன்.

"அப்ப தொறந்துட்டாங்களா?"

"நாளைக்கு எல்லாரும் வரணும்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"காலேஜுன்னா காலேஜுதான்! வூடு தேடி வந்து சொல்றாங்க பாரு" என்று மகனிடம் சொன்னார் இருசப்பன். ஜெகந்நாதன் வரப்பைப் பார்த்துக்கொண்டு செருப்பை மாட்டினான். பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

ஊர் எல்லை வரை வழியனுப்ப வந்த செங்கேணி, "வர்றேன் சார். ஆனா வீரராகவன் சார் என்னை ஒண்ணியும் கேக்கக் கூடாது" என்றான்.

ஜெகந்நாதன் வீரராகவனிடம் அதைக் கேட்டுக்கொண்டான். "என் வகுப்பில் யாரைக் கேள்வி கேட்கணும்னு ட்யூட்டர் சொல்வாரோ?" என்றார் அவர். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் செங்கேணியைத்தான் எழுப்பினார். பிரெஞ்சு ராஜா ஏன் சபையைக் கூட்டினான் என்று இங்கிலீஷில் கேட்டார். வராந்தா வெயிலில் நின்றிருந்த ஜெகந்நாதன் ஜன்னலோரம் நகர்ந்தான்.

செங்கேணி எழுந்தான். "கஜானா காலி சார். புதுசா வரி போடணும்னா ஊரக் கூட்டியாவணும். கூட்டினாரு. வந்தவங்க வரியப் பத்திப் பேசாம, 'எங்களுக்கு இன்னா மரியாதை'ன்னு கேட்டுட்டாங்க."

"இன் இங்கிலீஷ்."

"இங்கிலீஷ் இன்னும் வர்ல சார். பதில் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. வீரராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உட்கார்" என்றார், தமிழில். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "மிஸ்டர் ஜெகந்நாதன், வெயில்ல நிக்காதீங்க. உள்ளே வாங்க" என்றார். அன்று மாலை ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி கூடியிருந்தது.

மார்ச் பரீட்சையில் பஸ்ஸில் படித்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். செங்கேணிக்கு இங்கிலீஷ் மட்டும் தங்கிவிட்டது. செப்டம்பரில் அதையும் எழுதித் தேறினான். கல்லூரி நிர்வாகக் குழு முடிவுகளைப் பாராட்டியது. தோற்பவர்கள் குறைந்துவிட்டபடியால் ட்யூட்டர் பதவிக்கு இனி அவசியமில்லை என்றும் தீர்மானித்தது.

ஜெகந்நாதன் வாலாஜாபாத் உயர்நிலைப்பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியராகப் போனான். தினமும் கடைசி அரைமணி நேரம் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போகப்போகும் ஆறாம் பாரத்துப் பையன்களுக்குக் கல்லூரிப் பேராசிரியர் மாதிரி இங்கிலீஷில் மட்டும் பேசிக் காட்டுவான். புரியாத இடத்தில் கை தூக்கச் சொல்வான். முதல் நாள் வகுப்பு முழுக்கக் கை தூக்கியது.

"நல்லது. எல்லாரும் கவனிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.