காய்ச்சல் விட்ட இரண்டு நாள்

கண்ணை இடப்பக்கம் திருப்பினால் வலித்தது. அதுதான் முதல் அறிகுறி. வளைகுடா வேலைக்காகச் சென்னை மண்ணடியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். திங்கட்கிழமை மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால்தான் விசா.

எண்பதுகளின் தொடக்கம். நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம். லாரி வருவது நிச்சயமில்லை என்பதால் வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி பீப்பாய். அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. அதன் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றுவோம். நெளியும் புழுக்களைத் துணியில் வடிகட்டிவிட்டுக் குளிப்போம்.

எங்கள் அறையில் ஏழு பேர். வேலையில்லாததால் பகலெல்லாம் படுத்திருப்போம். பீப்பாயில் நெளிந்தவை டெங்குவைப் பரப்பும் கொசுவின் புழுக்கள், அந்தக் கொசு பகலில் கடிக்கும், அதிக தூரம் பறக்காது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. பக்கத்துப் பாய், மேல்மாடி, எதிர்வீடு என்று காய்ச்சல் மெல்ல நகர்கிறது. மீதித் தூரத்துக்கு மனிதர்கள் அதை ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுபோகிறார்கள்.

காய்ச்சல் கண்டதை யாரும் வெளியே சொல்லவில்லை. பரிசோதனைக்கு அனுப்பமாட்டார்கள் என்ற பயம். ஏஜென்ட் சொல்லிக் கொடுத்திருந்தார்: "யார் கேட்டாலும் காய்ச்சலே வந்ததில்லன்னு சொல்லுங்க." ஆளாளுக்கு ஆஸ்பிரினை விழுங்கிவிட்டு முகம் கழுவினோம். ஒருவன் வாய் திறந்திருந்தாலும் பீப்பாயைக் கவிழ்த்திருப்போம்.

இரண்டு நாள் ஊரில் படுத்துத் தேறி வரலாம் என்று ரயிலேறினேன். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியதும் விழுந்தேன். யாரோ மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

"எந்த ஊரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"லப்பைக்குடிக்காடுங்க."

"சமீபத்துல மெட்ராஸ் பக்கம் போனீங்களா?"

"இல்லீங்க. இங்க சொந்தக்காரங்க வூட்டுக்கு வந்தேன்."

பெரம்பலூரிலிருந்து நாளிதழுக்குச் செய்தி அனுப்பி வந்தவன் நான். ஒரு தகவலை இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எழுதமாட்டேன். என் உடம்பைப் பற்றிய தகவலில் அந்த ஒழுங்கைக் கைவிட்டேன். ஏதாவது ஒரு தாளில் 'மண்ணடி லாட்ஜில் காய்ச்சல்' என்று ஏறி, அது பரிசோதனை வரைக்கும் போய்விடும் என்று பயம்.

மலேரியாவுக்காக ரத்தத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. என் மனைவி ஜமீலா ஊரிலிருந்து வந்தாள். "சொல்லித் தொலைங்களேன்" என்றாள். "திங்கக்கெழம முடியட்டும்" என்றேன். தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டை இருந்தது. டாக்டர் நகர்ந்ததும் ஒன்று போட்டுக்கொள்வேன்.

மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரை அழைத்து வந்தார்கள். மூக்கில் துண்டு, துண்டில் ரத்தம். அரியலூர்ப் பக்கம் தா.பழூரைச் சேர்ந்த கலியபெருமாள் மேஸ்திரி. லாட்ஜில் எனக்கு அடுத்த பாய்க்காரர்.

"அட பாய்! நீங்களுமா? லாட்ஜையே இங்க மாத்திட்டாங்களா? கீழ் மாடியில மொத்தமும் படுத்துடுச்சு. எதுத்த டீக்கடைக்காரர் வூட்டுலயும் எல்லாருக்கும் சொரம்!"

டாக்டர் பேனாவை மூடினார். "மெட்ராஸே போகலன்னீங்க?"

ஜமீலா தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை உருவினாள். "இதத்தான் முழுங்கிட்டிருக்காருங்க."

டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை என் கையில் இறுக்கிக் கட்டி ஐந்து நிமிடம் வைத்திருந்தார். அவிழ்த்ததும் முழங்கைக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் கொத்தாகத் தெரிந்தன (தோலுக்கடியில் நுண்குழாய்கள் கசிவதன் அடையாளம்). "டெங்குவாத்தான் இருக்கணும். இந்த மாத்திரை ரத்தத்த உறைய விடாது. எங்க இருந்தீங்கன்னு முதல்லயே சொல்லியிருந்தா மூணு நாள் மிச்சம்."

சனிக்கிழமை காலை இருவருக்கும் காய்ச்சல் விட்டது. மேஸ்திரி சவரம் செய்துகொண்டார்.

"தொட்டுப் பாருங்கம்மா, ஐஸு மாதிரி இருக்கேன்."

"அதுதான் எனக்குப் பயம். காய்ச்சல் விட்டப்புறம் ரெண்டு நாள்தான் கண்டம். படுங்க."

"திங்கக்கெழம போய் நிக்கலன்னா என் சீட்டுல வேற ஆளு ஏறிடுவான்மா."

சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்தார். "பாய், பஸ்ஸுல ஒங்களுக்கும் எடம் போடவா?" நான் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். ஜமீலா என் சட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"போறதுன்னா சட்ட இல்லாம போங்க."

மேஸ்திரி சிரித்துக்கொண்டே போனார்.

நண்பகலில் என் விரல்கள் சில்லிட்டன. வயிறு வலித்தது. ஈறில் ரத்தம். மணிக்கட்டில் நாடி பிடிபடவில்லை என்று நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது; பதில் சொல்ல முடியவில்லை (ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழும் நிலை). இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள். டாக்டர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்: "ஒண்ணுக்குப் போனாரா?" (சிறுநீர் பிரிந்தால் ரத்த ஓட்டம் திரும்பிவிட்டதாக அர்த்தம்). திங்கட்கிழமை காலை போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

செவ்வாயன்று மேஸ்திரியின் மச்சான் வந்தார், மறந்துவிட்டுப்போன போர்வையை எடுக்க. "விழுப்புரம் தாண்டலீங்க. தூங்குறாருன்னு நெனச்சிருக்காங்க."

என் பயணம் அத்தோடு நின்றது. உங்கள் வீட்டில் இந்தக் காய்ச்சல் வந்தால் எங்கே இருந்தீர்கள், எதை விழுங்கினீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்றும் உடம்பு கொதிக்கும்போது எனக்குத் தூக்கம் வருகிறது. குளிர்ந்ததும் விழித்துக்கொள்கிறேன். தெர்மாமீட்டர் சரியான அளவைக் காட்டியதும் வீட்டில் எல்லாரும் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். எனக்கு அப்போதுதான் சனிக்கிழமை தொடங்குகிறது.