நாற்றம் போன மண்

பெரம்பலூர் கறிக்கோழிக் கடைகளின் இறகுக் கழிவை ஊருக்கு வெளியே குழியில் கொட்டுபவர் அவர். அந்தக் குழி மண்ணில் இறகைத் தின்னும் பாக்டீரியா இருக்கும். அதை வளர்த்து, தோலில் முடி நீக்க ஆலைகளுக்கு உதவும் நொதியை எடுப்பது எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் வேலை. செவ்வாய்தோறும் சரியாகப் பத்து மணிக்கு ஒரு டப்பாவில் மண் கொண்டுவருவார். ஒல்லியான உடம்பு, வெளுத்த சட்டை. யாரிடம் பேசினாலும் இரண்டடி தள்ளியே நிற்பார். பாக்டீரியா கிடைத்துவிட்டால் ஆய்வகத்திலேயே வேலை தருவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

ஒருநாள் நான், "நாத்தம் குடலைப் புடுங்குது. இதோடயா பஸ்ல வர்றீங்க? பக்கத்துல எவன் உக்காருவான்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த நான்கு வாரமும் மண்ணில் நாற்றமே இல்லை, பாக்டீரியாவும் இல்லை. பேராசிரியர் அவரைக் கூப்பிட்டார்.

"மண்ணுல என்னய்யா கலந்த?"

"பிளீச்சிங் பவுடருங்க சார். நாத்தம் போவட்டும்னு."

"எல்லாத்தையும் கொன்னுட்டியே! எவன் சொன்னான்?"

அவர் என்னைப் பார்த்தார். "யாரும் சொல்லலீங்க. நானாத்தான்."

"இனிமே இந்தப் பக்கமே வராத."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அன்று மாலை ஆய்வகக் குறிப்பேட்டில், 'மண் கெட்டது. காரணம்: கொண்டுவந்தவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.