நிறுத்துங்க சார்

நான்கு வருடங்களுக்கு முன்பு, நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நடந்தது. பதினைந்து வருடம் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்துவிட்டு, அங்கே அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன்.

விமான வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏதோ தப்பாகத் தெரிந்தால், நேற்றுச் சேர்ந்தவன்கூட 'நிறுத்துங்க' என்று சொல்லலாம். எவ்வளவு பெரிய அதிகாரியும் கையை எடுத்துவிட்டு என்னவென்று கேட்டாக வேண்டும். சொன்னவனை யாரும் திட்டக் கூடாது. இதையே என் பத்தாம் வகுப்பிலும் சட்டமாக்கினேன். பிள்ளைகள் எதிர்த்துப் பேசப் பழகிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் தடுத்தார். நான் விடவில்லை.

ஒருநாள் கல்வி அதிகாரி பார்வையிட வந்தார். அவரும் தலைமையாசிரியரும் ஆய்வகத்தில் பின்னால் நிற்க, அமிலத்தை எப்படி நீர்க்கச் செய்வது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரி ஏதோ கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே தண்ணீர்க் குவளையை எடுத்துச் சாய்க்கப் போனேன்.

"சார், நிறுத்துங்க."

முன்வரிசையில் நின்ற ஒரு பெண். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். வருகைப் பதிவின்போது இவள் குரல் எனக்குக் கேட்டதே இல்லை. குனிந்து பார்த்தேன். தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்குப் பதில், அமிலத்தில் தண்ணீரைக் கொட்ட இருந்தேன். கொதித்துத் தெறித்திருக்கும். முன்வரிசைப் பிள்ளைகளின் முகங்கள் அதற்கு நேரே இருந்தன.

குவளையைக் கீழே வைத்தேன்.

அதிகாரி போனதும் தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். வந்தவர் முன்னால் வாத்தியாரை அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்கும்படி அவளிடம் சொன்னார். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அவ கேட்க மாட்டா சார். தப்பு பண்ணினவன் நான். நான்தான் கேட்கணும்."

அவர் எதிரிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுவாரம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை ஒளிக்காமல் எழுதி, வகுப்பில் அந்தச் சட்டத்தைக் கைவிட மாட்டேன் என்று கடைசி வரியாகச் சேர்த்துக் கொடுத்தேன். ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அந்த வருடம் முழுவதும் கரும்பலகையில்தான் வேதியியல் நடந்தது. அதில் நான் ஒரு சமன்பாட்டைத் தவறாக எழுதிய அன்றும் முதலில் நிறுத்தியது அவள்தான்.

இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன். இங்கும் முதல் நாளே அந்தச் சட்டத்தைச் சொல்லிவிட்டேன், இங்குள்ள தலைமையாசிரியருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் என்னைத் தடுக்கப் பிள்ளைகள் பயப்படுகிற வகுப்பை என்னால் நடத்த முடியாது.