மெடெரின் பெயர் இருந்த நாற்பது நாள்

கட்டளையை எழுதி முடித்ததும் ஜூரகான் என்டரைத் தட்டிவிடுவதில்லை. 'எதையும் செய்யாதே, செய்யப்போவதை மட்டும் சொல்' என்றொரு குறியை அதன் வாலில் சேர்த்து முதலில் ஓடவிடுவார். யாருக்கு எந்த அனுமதி போகும், எது வரும் என்று திரையில் வரிசை இறங்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உதடு அசைய ஒவ்வொரு பெயராகப் படிப்பார். எழுந்துபோய்க் கிண்ணத்தில் பாதிக்குத் தேநீர் ஊற்றிக் குடிப்பார். திரும்பி வந்து இன்னொரு தடவை படிப்பார். அதன் பிறகுதான் அந்தக் குறியை எடுப்பார். பிஷ்கெக்கில் ஒரு மருத்துவமனையின் கணினிகளில் யார் எதைத் திறக்கலாம் என்பது பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் முடிவாகிறது.

மவுஸைத் தொடமாட்டார். "அதப் புடிச்சு இழுத்தா என்ன இழுத்தோம்னு நமக்கே தெரியாது. எழுதுனது எழுதுன எடத்துல நிக்கும்," என்பார். மேசை இழுப்பறையில் உப்புத் தயிர் உருண்டைகள் ஒரு டப்பா இருக்கும். அனுமதி கேட்டு வருபவருக்கு முதலில் ஒரு உருண்டை, அப்புறம் ஒரு கேள்வி: "காகிதம் எங்க?" அறுவைசிகிச்சை மருத்துவர் ஒருவர், "ஜூரா அக்கா, தொந்தரவு இல்லாம எல்லாத்துக்கும் ஒரேயடியா தொறந்து விட்டுடுங்களேன்," என்று கெஞ்சினார். "உங்க வீட்டுச் சாவிய வாசல்ல தொங்கவிட்டுட்டு வாங்க, நானும் தொறந்து விடறேன்," என்று அனுப்பிவைத்தார். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சாவிக்காரி என்று பெயர். அது அவருக்கும் தெரியும், பிடிக்கவும் செய்யும்.

வெள்ளிக்கிழமைதோறும் பணியாளர் பிரிவிலிருந்து பட்டியல் வரும். வேலையை விட்டவர், ஓய்வு பெற்றவர், மாற்றலானவர். அவர் எழுதிய சிறு நிரல் அத்தனை பேரையும் ஒரே மூச்சில் நீக்கிவிடும். இறந்தவர்களுக்கு மட்டும் வேறொரு நிரல் வைத்திருக்கிறார். அது அன்றைக்கே பூட்டும், ஆனால் பெயரை அழிக்க நாற்பது நாள் பொறுத்திருக்கும். நாற்பதாம் நாள் ஓதுதல் முடியாமல் யாருடைய பெயரையும் எடுக்க அவருக்கு மனம் வராது. "பூட்டத்தானே சட்டம் சொல்லுது. வீட்ல இன்னும் அழுதுகிட்டிருக்காங்க, நான் இங்க பேர வழிச்சு எறியணுமா?" என்று கேட்பார்.

அந்த இரக்கத்தில்தான் ஒரு ஓட்டை இருந்தது.

சென்ற அக்டோபரில் மெடெர் இறந்தார். புற்றுநோய்க்கான கதிர்வீச்சுப் பிரிவில் ஒரு நோயாளிக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று கணக்கிடுபவர். காலையில் வேலைக்கு வந்தவர் மதியம் படிக்கட்டில் சரிந்தார். அன்று மாலையே ஜூரகான் தன் நிரலை ஓடவிட்டார். பன்னிரண்டாம் நாள், வழக்கமான சோதனையில், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று கணினி குறித்துவைக்கும் பதிவேட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது. மெடெர் உள்ளே வந்திருந்தார். காலை ஒன்பதே காலுக்கு. புரட்டிப் பார்த்தால் எட்டு நாளாக வந்துகொண்டிருந்தார்.

ஜூரகானுக்குக் காரணம் உடனே புரிந்தது. அவருடைய நிரல் கடவுச்சொல்லை மட்டும்தான் பூட்டியது. மெடெர் தன் அறைக் கணினியில் வைத்திருந்த சாவிக்கோப்பு, கடவுச்சொல் கேட்காமலே கதவைத் திறக்கும் கோப்பு, அப்படியே உயிரோடு இருந்தது. அந்தக் கணினியின் முன்னால் இப்போது உட்கார்பவர் மெடெரின் மனைவி சைரகுல். அவரும் அதே பிரிவில் அதே கணக்கைப் போடுபவர்தான்.

போய்க் கேட்டதும் சைரகுல் மறைக்கவில்லை. "பதினோரு நோயாளிங்க அக்கா. அத்தன பேரோட கணக்கும் அவரு ஃபோல்டர்லதான் இருக்கு. உங்ககிட்ட வந்தேன், காகிதம் கேட்டீங்க. தலைவர் மேசைல காகிதம் தூங்குது. கட்டி தூங்குமா?"

சைரகுல் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொத நாள் உள்ள போனப்ப, கடைசியா எப்ப வந்தாருன்னு காட்டுச்சு. அவரு விழுந்த அன்னைக்குக் காலைல, எட்டு பத்து. மறுநாள் போறேன், அந்த நேரத்தக் காணோம். நான் வந்த நேரம் அங்க நிக்குது. அவரு கடைசியா வந்தத நானே அழிச்சுட்டேன் அக்கா."

அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார். ஜூரகான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கேட்கவே பொறுக்கவில்லை.

விஷயம் கதிர்வீச்சுப் பிரிவுத் தலைவர் எகெம்பெர்தியின் காதுக்குப் போனது. கையெழுத்துப் போடாமல் காகிதத்தை ஒன்பது நாள் வைத்திருந்தவர் அவர்தான். ஜூரகானின் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"எட்டே எட்டு வரி. நீங்க நெனச்சா ஒரு கட்டளைல போயிடும். அந்தப் பொண்ணுக்கு வேலை நிக்கும். உங்களுக்கும் நல்லது. நாம எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இல்லையா?"

பொய்யில்லை. அடுத்தவர் பெயரில் உள்ளே போனால் வேலை நீக்கம் என்பதுதான் விதி. அந்தப் பதிவேட்டை அழிக்கும் அனுமதி மருத்துவமனையிலேயே ஜூரகான் ஒருவருக்குத்தான் உண்டு.

அன்று மாலை ஜூரகான் மூன்று வேலை செய்தார். மெடெரின் சாவிக்கோப்பை நீக்கினார். அந்தப் பதினோரு பேரின் கணக்குகளைச் சைரகுல் தன் சொந்தப் பெயரிலேயே திறக்க அனுமதி கொடுத்தார், காகிதம் இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக. பிறகு அறிக்கை எழுதினார். எட்டு வரியையும் அப்படியே ஒட்டி, மேலே இப்படி எழுதினார்: 'கதவைத் திறந்து விட்டது நான். கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியதும் நான். காகிதம் ஒன்பது நாள் கையெழுத்தாகவில்லை. அதற்குள் பதினோரு நோயாளிகளில் ஒருவருக்கும் சிகிச்சை நிற்கவில்லை.'

"எங்க ரெண்டு பேரையும் மாட்டிவிட்டுட்டீங்களே," என்றார் எகெம்பெர்தி.

"ஆமா. என்னையும் சேத்துத்தான்."

விசாரணை மூன்று வாரம் நடந்தது. சைரகுலை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். எகெம்பெர்திக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. ஜூரகானுக்குக் கண்டனமும், கூடவே ஒரு உத்தரவும்: இனி எந்தக் கட்டளையானாலும் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பத்தொன்பது வருஷம் தனியாகச் செய்த வேலை. வலிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் வந்தது. சைரகுல் வீட்டில் ஆடு அறுத்து ஊரைக் கூட்டியிருந்தார்கள். ஜூரகான் அங்கே போவதற்கு முன்னால் வேலைக்கு வந்தார். பக்கத்து நாற்காலியில் பாதுகாப்புப் பிரிவுக்காரர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். மெடெரின் கோப்புகளை ஜூரகான் முதலில் சைரகுலின் பெயருக்கு மாற்றினார். மாற்றாமல் விட்டால், உரிமையாளர் என்ற இடத்தில் வெறும் எண் ஒன்றுதான் மிஞ்சும். பிறகு பெயரை நீக்கும் கட்டளையைத் தட்டினார். ஒழுங்காக முடிந்த கட்டளை பதில் சொல்வதில்லை. திரையில் அடுத்த வரி காலியாக நின்றது.

"அவ்வளவுதானே? கையெழுத்துப் போட்டுடவா?" என்றார் அவர்.

ஜூரகான் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, உள்ளங்கை மேலே தெரிய விரித்து, சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு, கல்லறை முன்னால் ஓதிவிட்டு எழுந்திருப்பவர்களைப் போல, அவற்றை முகத்தின் மேல் மெதுவாகத் தடவி இறக்கினார்.